கடைசி ஃபிரேம் எப்போது வந்து சேரும்?

பெங்களூரின் ஏவியானிக்ஸ் ஆய்வகங்களில் புதிதாகச் சேரும் பொறியாளர் முதல் சில வாரங்களுக்குள் ஒரு திட்டு வாங்கிவிடுவார். சோதனை முடிவைத் திரையில் விரித்து, "சராசரி தாமதம் 200 மைக்ரோசெகண்ட்தான் சார்" என்று பெருமையாகச் சொல்வார். எதிரே இருக்கும் மூத்தவர் அந்த எண்ணை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். "சராசரி யாருக்குய்யா வேணும்? ரொம்ப மோசமாப் போனா எவ்வளவு ஆகும்? அதுக்கு மேல ஆகவே ஆகாதுன்னு எப்படி நிரூபிப்ப?"

இந்தத் திட்டை வாங்கி வளர்ந்து, இப்போது கொடுக்கிற இடத்தில் இருப்பவர்களில் ஒருவர் பெண்ணாடத்துக்காரர். கடலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், விழுப்புரம்–திருச்சி கார்டு லைனில், விருத்தாசலத்தைத் தாண்டினால் வருகிற ஊர் அது. விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு வழியாகச் சிதம்பரம் போய் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரானிக்ஸ் படித்தார். வேலைக்காகச் சேலம் வழி ரயிலேறிப் பெங்களூர் வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். விமானத்துக்குள் இருக்கும் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வலையமைப்பைத் திட்டமிடுவதும் சோதிப்பதும்தான் அவர் பிழைப்பு. சக்கரம் மடங்கிவிட்டதா, கதவு பூட்டியிருக்கிறதா, எந்தத் தொட்டியில் எவ்வளவு எரிபொருள், காற்றின் வேகம் என்ன என்று ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் பேச்சு அது. பயணிகள் பார்க்கும் சினிமாவுக்கு வேறு வலை. அதோடு இவருக்குச் சம்பந்தம் இல்லை.

1990களின் கடைசியில் அவர் கைக்கு வந்த முதல் வேலை மில்-ஸ்டாண்டர்ட்-1553பி என்ற வலை விதி. அமெரிக்க ராணுவ விமானங்களுக்காக 1973-இல் பிறந்து, 1978-இல் 'பி' வடிவம் பெற்றது. வேகம் நொடிக்கு ஒரு மெகாபிட். இன்றைய கைப்பேசிக்காரர் சிரிப்பார். ஆனால் அதன் ஒழுங்குக்கு ஈடில்லை. பஸ் கன்ட்ரோலர் என்று ஒரே ஒரு நாட்டாமை. அது பெயர் சொல்லிக் கூப்பிடாமல் மற்ற 31 முனைகளில் எதுவும் வாய் திறக்கக் கூடாது. கூப்பிட்டால் 12 மைக்ரோசெகண்டுக்குள் பதில் கிளம்பியாக வேண்டும். யார் எந்த மில்லிசெகண்டில் பேசுவார்கள் என்பதை விமானம் தரையில் நிற்கும்போதே எழுதி வைத்துவிடலாம். 2001 ஜனவரி 4 அன்று விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் பெங்களூர் எச்.ஏ.எல். ஓடுதளத்திலிருந்து முதன்முதலாகக் கிளப்பிய தேஜஸுக்குள்ளும் இந்த 1553பி தான் ஓடியது. பெண்ணாடத்துக்காரர் அந்த அணியில் இல்லை. ஆனாலும் அன்று நகரத்தில் இந்தத் தொழிலில் இருந்த எல்லாருக்கும் அது சொந்த வீட்டு விசேஷம்தான்.

பயணி விமானங்களின் வழி வேறு. ஏ320 ரகங்களில், இண்டிகோ இன்று நூற்றுக்கணக்கில் ஓட்டுகிறதே அந்த விமானங்களில், பெரும்பாலும் ஏரிங்க் 429 என்ற விதி. ஒருவர் பேசுவார், அதிகபட்சம் 20 பேர் கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டுமென்றால் தனியாக இன்னொரு ஜோடிக் கம்பி இழுக்க வேண்டும். ஒரு செய்தி 32 பிட், வேகம் நொடிக்கு அதிகபட்சம் 100 கிலோபிட். குறுக்கே எவரும் வரமுடியாத தனிக்கம்பி என்பதால் தாமதம் பற்றிய கவலையே கிடையாது. கவலையெல்லாம் எடையில். புதிதாக ஒரு பெட்டி வைத்தால் ஒரு கட்டு ஒயர், கனெக்டர், அதைத் தாங்கும் கிளாம்ப், அதை இழுக்கப் புதிய வழி. இரண்டடுக்கு ஏ380-ஐ வரையத் தொடங்கியபோது இந்தப் பாதையில் இனி நடக்க முடியாது என்று ஏர்பஸ் முடிவுக்கு வந்தது.

அப்போதுதான் ஈதர்நெட்டின் பக்கம் கண் போனது. மலிவு, வேகம், உலகம் முழுக்கப் பழகிய சிப்புகள். 1973-இல் கலிஃபோர்னியாவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் அதைக் கருக்கொண்டபோது அலுவலகக் கணினிகளையும் பிரிண்டரையும் இணைப்பதுதான் நோக்கம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொண்டால், இருவரும் நிறுத்தி, ஏதோ ஒரு நேரம் காத்திருந்து மறுபடி முயலவேண்டும். மறுபடி மோதினால் காத்திருப்பின் எல்லை இரட்டிப்பாகும். 16 முறை தோற்றால் அந்த ஃபிரேமை, அதாவது அனுப்ப நினைத்த செய்திப் பொதியைக் கைவிட்டுவிடும். பிரிண்டருக்கு இது போதும். விமானத்தின் காற்றுவேகக் கணினி குலுக்கல் முறையில் காத்திருக்கலாமா?

1990களில் சுவிட்சும், போக்குக்கும் வரத்துக்கும் தனித்தனிக் கம்பியும் வந்தபோது மோதல் ஒழிந்தது. ஆனால் பிரச்சினை இடம் மாறியதே தவிரத் தீரவில்லை. நான்கு பக்கத்திலிருந்து ஒரே வாசலுக்கு ஃபிரேம்கள் வந்தால் சுவிட்சுக்குள் வரிசை நிற்கும். வரிசை எவ்வளவு நீளும், நினைவகம் நிரம்பினால் எது விழும் என்பதற்குச் சாதாரண ஈதர்நெட்டில் உத்தரவாதம் கிடையாது.

அந்த உத்தரவாதத்தை மேலே கட்டியதுதான் ஏஎஃப்டிஎக்ஸ். ஏர்பஸ் வளர்த்தது, 2005-இல் ஏரிங்க் 664-இன் ஏழாம் பகுதியாகப் பொதுவிதியானது. அதே ஆண்டு ஏப்ரல் 27 அன்று துலூஸில் ஏ380 முதல்முறை பறந்தது. பிறகு போயிங் 787, ஏ350 எல்லாம் இந்த விதியின் வழியே வந்தன.

பெண்ணாடத்துக்காரரின் அப்பா கரும்பு போட்டவர். மகன் விடுப்பில் ஊருக்கு வந்திருந்தபோது கேட்டார்: "ஏம்பா, ப்ளேன்ல ஒயர் மாட்டுற வேலையா உனக்கு?"

"இல்லப்பா. வெட்டு உத்தரவு போடுற வேலை."

இறையூர் சர்க்கரை ஆலையைச் சுற்றிக் கரும்பு பயிரிட்ட யாருக்கும் இது சட்டென்று விளங்கும். விளைந்துவிட்டதே என்று எல்லாரும் ஒரே நாளில் வெட்டி வண்டி கட்டினால் ஆலை வாசலில் இரண்டு மைலுக்கு டிராக்டர் நிற்கும். நின்றால் கரும்பு காயும், எடையும் சர்க்கரையும் இறங்கும். அதனால்தான் யார் எந்தத் தேதியில் வெட்டலாம் என்று ஆலை உத்தரவு தருகிறது. அரைக்கும் வேகம் தெரியும், வரும் வண்டிக்கும் கணக்கு உண்டு. எவ்வளவு மோசமான நாளிலும் வரிசை எங்கே முடியும் என்று சொல்லிவிடலாம்.

அப்பா விடவில்லை. "உத்தரவில்லாம ஒருத்தன் வண்டியக் கொண்டாந்து நொழைச்சுட்டான்னா?"

"கேட்டிலேயே கொட்டி அழிச்சுடுவோம்ப்பா."

"அடப் பாவி!"

பாவம்தான், ஆனால் அந்த ஈவிரக்கமின்மைதான் மொத்த அமைப்பையும் தாங்குகிறது. ஏஎஃப்டிஎக்ஸில் ஒவ்வொரு செய்தி ஓட்டத்துக்கும் வெர்ச்சுவல் லிங்க் என்று பெயர். ஆய்வகத்தில் வெறும் 'வி.எல்.' ஒரு பெட்டியில் கிளம்பி ஒன்றுக்கோ பலவற்றுக்கோ போகும் ஒருவழிப்பாதை. ஒவ்வொரு வி.எல்.-க்கும் இரண்டு வரம்புகள். ஒன்று, ஃபிரேமின் அதிகபட்ச நீளம். மற்றது, இரண்டு ஃபிரேம்களுக்கு இடையே விட வேண்டிய குறைந்தபட்ச இடைவெளி. இந்த இடைவெளிக்குப் 'பேக்' என்பார்கள்: 1, 2, 4 என்று இரட்டித்துக்கொண்டே போய் 128 மில்லிசெகண்ட் வரை எட்டே அளவுகள். இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். நடுவில் பேரம் இல்லை. ஃபிரேம் எந்த வழியாக எந்த வாசலுக்குப் போகவேண்டும் என்பதையும் சுவிட்ச் தானாகக் கற்றுக்கொள்ளாது. வீட்டிலோ ஆபீசிலோ இருக்கும் சுவிட்ச் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொள்ளும். இதற்கோ எல்லாம் முன்பே அட்டவணையாக எழுதி ஏற்றப்பட்டிருக்கும். வரம்பை மீறி வந்த ஃபிரேமைச் சுவிட்ச் மறுபேச்சில்லாமல் தள்ளிவிடும். ஏதோ ஒரு பெட்டி பழுதாகி உளறிக்கொட்டினாலும் பக்கத்துப் பெட்டியின் செய்தி தாமதமாகாது.

இதற்கு மேல் எல்லாமே இரண்டு. 'ஏ' வலை, 'பி' வலை. தனித்தனிச் சுவிட்சுகள், தனித்தனி வழியில் இழுத்த கேபிள்கள். ஒவ்வொரு ஃபிரேமும் ஒரு வரிசை எண்ணோடு இரண்டிலும் கிளம்பும். பெறுபவர் முதலில் நல்லபடியாக வந்ததை எடுத்துக்கொண்டு, பின்னால் வரும் இரட்டையை விட்டுவிடுவார். ஒரு பக்கம் கேபிள் அறுந்தாலும் மேலே ஓடும் மென்பொருளுக்கு அது தெரியவே தெரியாது.

கேட்க அழகாக இருக்கிறது. அன்றாட வேலையோ பெரும்பாலும் பஞ்சாயத்து. இன்டர்ஃபேஸ் கன்ட்ரோல் டாக்குமெண்ட் என்று ஒன்று உண்டு. எந்தப் பெட்டி யாருக்கு என்ன அனுப்பும் என்று பைட் பைட்டாகச் சொல்லும் தடித்த ஆவணம். அதை நிரப்பும் கூட்டங்களில் எல்லாச் சப்ளையருக்கும் ஒரு மில்லிசெகண்ட் பேக்தான் வேண்டும், அதுவும் முழுநீள ஃபிரேம். பெண்ணாடத்துக்காரர் பலகையில் கணக்கைப் போடுவார். 1,518 பைட் ஃபிரேமோடு கம்பியில் சேரும் 20 பைட் உபரியையும் கூட்டினால் 12,304 பிட். நொடிக்கு 100 மெகாபிட் ஓடும் கம்பியில் அது கடக்க 123 மைக்ரோசெகண்ட். மில்லிசெகண்டுக்கு ஒன்று என்றால் ஒரே வி.எல். 12.3 மெகாபிட்டைத் தின்றுவிடும். எட்டுப் பேர் உட்கார்ந்தால் பந்தி முடிந்தது. ஒன்பதாவது ஆளுக்கு இலை கிடையாது. அதே ஃபிரேமை 128 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை அனுப்பினால் 0.1 மெகாபிட்கூட ஆகாது.

"உங்க டேங்க் டெம்பரேச்சர் எத்தனை நேரத்துக்கு ஒருமுறை மாறும் சார்?" என்று கேட்பார். எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சிருக்காது. இந்தக் கேள்வியில் கோபித்துக்கொண்டு போன சப்ளையர்கள் உண்டு. டேங்கின் வெப்பநிலை நிமிடக்கணக்கில் நகரும் சங்கதி என்று கடைசியில் ஒப்புக்கொண்டு 128-க்கு இறங்கியவர்கள்தான் அதிகம்.

அட்டவணை முடிந்தபின் வருகிறது நிரூபணம். ஒரு சுவிட்சின் ஒரே வாசலை நோக்கி எட்டு வி.எல்.களின் முழுநீள ஃபிரேம்கள் ஒரே கணத்தில் வந்து சேர்ந்தால், கடைசியில் நிற்பது ஏழு பேருக்கு வழிவிட வேண்டும்: 861 மைக்ரோசெகண்ட். கல்லூரியிலிருந்து வருபவர்கள் இதுவரை சரியாகச் சொல்லிவிடுவார்கள். பிறகு அவர் கேட்பார்: "இந்த எட்டும் ஹை பிரையாரிட்டி. அதுங்க வர்றதுக்கு ஒரு இமைப்பொழுது முன்னாடி ஒரு லோ பிரையாரிட்டி ஃபிரேம் கிளம்பிடுச்சு. அதைப் பாதியில நிறுத்த முடியாதே?" இன்னொரு 123 சேரும், 984. இது ஒரே ஒரு சுவிட்ச். அங்கே ஏறிய நெரிசல் அப்படியே அடுத்த சுவிட்சின் வாசலுக்குப் போய் அங்குள்ள வரிசையைக் கெடுக்கும்.

துலூஸ் ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் கையாண்ட ஒரு விமான வலையில் 100-க்கும் மேற்பட்ட முனைகள், ஆயிரத்தை ஒட்டிய வி.எல்.கள், 6,000-க்கும் மேற்பட்ட பாதைகள். ஒவ்வொரு பாதைக்கும் இந்த எல்லையைக் கண்டாக வேண்டும். அதற்குக் கை கொடுப்பது நெட்வொர்க் கால்குலஸ். ரெனே க்ரூஸ் 1991-இல் வெளியிட்ட கட்டுரைகளிலிருந்து வளர்ந்த கணிதம். அது தருவது பாதுகாப்பான மேல்வரம்பு. உண்மையில் அவ்வளவு ஆகாமலே போகலாம், ஆனால் அதைத் தாண்டாது. இன்னும் நெருக்கமான எண் கிடைக்கும் என்று டிராஜெக்டரி முறை என்று ஒன்று வந்து பேர்வாங்கியது. சில சூழல்களில் அது உண்மையைவிடக் குறைத்துச் சொல்லிவிடுகிறது என்று 2013-இல் சிலர் எதிர்உதாரணத்தோடு எழுதினார்கள். அந்த வாரம் ஆய்வகத்தில் தேநீர் இடைவேளைகள் நீண்டன.

இவ்வளவு கணக்கு எதற்கு, மாதக்கணக்கில் ஓடவிட்டு அளந்து பார்த்தால் போதாதா என்று புதியவர்கள் கேட்பதுண்டு. போதாது. எல்லா ஃபிரேம்களும் ஒரே கணத்தில் கைகோத்து வருவது சோதனை மேசையில் ஆண்டுகள் கடந்தும் நடக்காமல் போகலாம். விமானத் தரச்சான்றோ, பேரழிவாக முடியக்கூடிய பழுதை நூறு கோடிப் பறப்பு மணிகளுக்கு ஒன்றுக்கும் கீழே கேட்கிறது. அவ்வளவு மணி நேரம் அளக்க யாருக்கும் ஆயுள் போதாது.

சோதனை மேசைக்கு வேறு உபயோகம் உண்டு: கெடுத்துப் பார்ப்பது. ஓடிக்கொண்டிருக்கும்போது 'ஏ' கேபிளைப் பிடுங்குவார்கள். சுவிட்சுக்கு மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுப்பார்கள். வேண்டுமென்றே உளறும் பெட்டியைக் கோத்துவிடுவார்கள். ஒரு திட்டத்தில், எதையும் கெடுக்காதபோதே டிஸ்பிளேயில் ஓர் அளவு அவ்வப்போது காணாமல் போய்க் கோடுகள் மட்டும் தெரிந்தன. இரண்டு வலையும் நலம், கேபிள் நலம், சுவிட்சும் நலம். ஒரு வலையில் விழுந்தால் மறு வலை காப்பாற்ற வேண்டுமே என்று எல்லாரும் தலையைச் சொறிந்தார்கள்.

அனுப்பும் பெட்டியில் இருந்தது வினை. ஃபிரேம்களுக்கு இடையே இடைவெளி விடும் வேலையை அந்தச் சப்ளையர் ஹார்டுவேரிடம் தராமல் மென்பொருளிடம் விட்டிருந்தார். புராசசருக்கு வேலை கூடும்போது ஒரு ஃபிரேம் தாமதமாகக் கிளம்பும். அடுத்தது தன் நேரத்துக்குச் சரியாகக் கிளம்பும். நடுவே இடைவெளி சுருங்கும். விதி அனுமதிக்கும் தள்ளாட்டம் 500 மைக்ரோசெகண்ட் வரைதான். அதைத் தாண்டியதைச் சுவிட்ச் தள்ளிவிட்டது; 'பி' பக்கமும் அதே ஃபிரேம்தானே போகிறது, அங்கேயும் தள்ளியது. கேபிள் அறுவதற்குத்தான் இரட்டை வலை காவல்; அனுப்புபவரே தவறினால் இரண்டிலும் ஒரே தவறு.

சப்ளையர் தரப்பின் வாதம்: "எங்க சராசரி இடைவெளி சரியா 4 மில்லிசெகண்ட் இருக்கே!" இன்னொரு யோசனையும் மேசைக்கு வந்தது: அட்டவணையில் அந்த ஒரு வி.எல்.-க்கு மட்டும் சற்றுத் தளர்த்திவிட்டால் எல்லாம் ஓடும், பத்து நிமிட வேலை. தேதி நெருங்கிய நேரம்; பலருக்கும் ஆசைதான். பெண்ணாடத்துக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருவருக்குத் தளர்த்தினால் அதே வாசலைப் பகிரும் மற்ற எல்லாருடைய மேல்வரம்பும் மாறும். ஏற்கெனவே கையெழுத்திட்ட நிரூபணம் அத்தனையும் செல்லாது. பெட்டிதான் திருத்தப்பட்டது. தேதி தள்ளிப்போனதற்கான வசவு அவர் கணக்கில் ஏறியது.

செய்தி வருகிறதா என்பதைப் போலவே, வந்தது புதியதா என்பதும் இந்தத் தொழிலில் உயிர். பழைய எண் ஒன்று திரையில் அப்படியே உறைந்து நின்றால் அது வெற்றுத்திரையைவிட ஆபத்து, விமானி நம்பிவிடுவார். உலகம் பார்த்த உதாரணங்கள் உண்டு. ஏ350-இன் ஒரு ரகத்தை, தொடர்ந்து 149 மணி நேரம் மின்சாரத்தில் விடாமல் அதற்குள் ஒருமுறை அணைத்துப் போடவேண்டும் என்று ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை ஆணையிட்டது. இல்லையென்றால் சில கருவிகளுக்கும் வலைக்கும் தொடர்பு அறுந்துபோகலாம். 2020-இல் அமெரிக்காவின் எஃப்ஏஏ, 787-க்கு 51 நாள் கெடு வைத்தது. அதைத் தாண்டி அணைக்காமல் விட்டால், வந்த செய்தி பழையதா என்று சரிபார்க்கும் காவலே கழன்றுகொள்ளக்கூடும் என்பது காரணம். ஏர் இந்தியா 2012-இலேயே 787 வாங்கியது. 2024 ஜனவரியில் அதன் ஏ350-உம் சேவைக்கு வந்தது. ஆக இவை எங்கோ தூரத்துச் சமாசாரங்கள் அல்ல. அந்த ஆணைகளை அச்செடுத்து ஆய்வகச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். "ஒரு வாரம் தொடர்ந்து ஓடவிட்டீங்களா?" என்ற கேள்வி அதன்பிறகு எல்லா ரிவ்யூவிலும் தவறாமல் வந்தது.

இப்போது ஆய்வகத்தில் நடக்கும் சண்டை வேறு. ஏஎஃப்டிஎக்ஸில் எல்லாருக்கும் பொதுவான கடிகாரம் கிடையாது. ஒவ்வொரு பெட்டியும் தன் கடிகாரத்தில் தன் இடைவெளியைக் காத்தால் போதும். அதனால்தான் வரிசைகளும், 984 போன்ற எண்களும். எல்லாக் கடிகாரத்தையும் ஒன்றாக்கி, இன்ன மைக்ரோசெகண்டில் இன்னார் என்று நேரம் குறித்துவிட்டால் வரிசையே இருக்காது. டைம்-டிரிகர்டு ஈதர்நெட் அதைச் செய்கிறது; 2011-இல் எஸ்ஏஇ அமைப்பின் விதியாக வந்து, 2014 டிசம்பரில் நாசாவின் ஓரியன் விண்கலம் முதல்முறை ஏவப்பட்டபோது அதில் பறந்தது. அடுத்து டிஎஸ்என் (டைம்-சென்சிட்டிவ் நெட்வொர்க்கிங்), ஐஇஇஇ-யின் விதித்தொகுப்பு. தொழிற்சாலை, கார் என்று பரவி, எஸ்ஏஇ-யோடு சேர்ந்து விமானத்துக்கென்றே ஒரு வரையறையும் உருவாகியிருக்கிறது. அதில் ஒரு வசதி, பாதி போய்க்கொண்டிருக்கும் தாழ்ந்த ஃபிரேமை இடையில் நிறுத்தி, உயர்ந்ததை முதலில் அனுப்பிவிட்டு, மிச்சத்தைப் பிறகு தொடர்வது. பெண்ணாடத்துக்காரரின் கேள்வியில் கூடுதலாகச் சேர்ந்த 123 இதில் ஏறக்குறையக் காணாமலே போய்விடும்.

இளையவர்கள் டிஎஸ்என் பக்கம். சிப் மலிவு, வேகம் கிகாபிட், கார் தொழிலே அதன் பின்னால் நிற்கிறது என்கிறார்கள். பெண்ணாடத்துக்காரர் மறுக்கவில்லை, பொதுக்கடிகாரம் தப்பாகக் காட்டினால் எத்தனை பெட்டிகள் ஒரே நேரத்தில் தப்பு செய்யும் என்று மட்டும் கேட்கிறார். கடிகாரத்தையும் மூன்று நான்காக்கி ஒன்றையொன்று சரிபார்க்க வைக்கலாம் என்று ஓர் இளம்பெண் பொறியாளர் கணக்கோடு வந்திருக்கிறார். அவர் கணக்கில் ஓரிடத்தில் சிவப்பு மையில் வட்டமிட்டு, "இங்க சராசரி எடுத்திருக்கம்மா, மேக்ஸிமம் போட்டுப் பாரு" என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார் இவர். புதிய எண்ணோடு அடுத்த ரிவ்யூவுக்கு வருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார் அந்தப் பெண்.